நாலாவது போல்ட்

வக்கீல் பாய்,

திங்கட்கிழமை காலை, டிராக்டர் சீட்டுக்குப் பின்னால் நாம் போட்ட இரும்பு ஆர்ச் ஒன்று குட்டியானை லோடு வண்டியில் ஏறி, பழைய டிராக்டர் விற்கிற என் யார்டுக்குத் திரும்பி வந்தது. ஒரு தோள் சரிந்து வளைந்திருந்தது. கம்பியெல்லாம் வரப்பு மண் அப்பிக் கிடந்தது. ஈர மண்ணும் நசுங்கிய மஞ்சள் தழையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாகப் போனைத்தான் எடுத்தது, உங்களைக் கூப்பிட. இத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒரு டிராக்டர் கவிழ்ந்து, நம் ஆர்ச் தாங்கி, ஓட்டியவர் நடந்தே வந்திருக்கிறார். இதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ரம்ஜான் முடிந்த வாரமே கண்ணை மூடும்படி அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

ஓட்டியவர் பெயர் சின்னராசு. தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "வரப்புல சாஞ்சு அப்படியே பொரண்டுடுச்சுங்க. பெல்ட்டு போட்டிருந்தனா, தலகீழா தொங்கறேன். தலைக்கும் மண்ணுக்கும் ஒரு சாண்தான் எடவெளி. உங்க கம்பிதானுங்க என்ற உசுரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். பொய் சொல்லவில்லை, அவ்வளவு பெருமை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆர்ச்சைப் புரட்டிப் போட்டு மண்ணைக் கழுவினேன். அடியில் நான்கு போல்ட்டில் மூன்று இருந்தன. நாலாவது கத்தியால் நறுக்கியது மாதிரி முறிந்திருந்தது.

அது ஏன் முறிந்தது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

நாம் சண்டைக்காரர்களாகத்தானே அறிமுகமானோம்? நான் விற்ற பழைய மினி டிராக்டர் ஒன்று ஜேடர்பாளையத்தில் வாய்க்கால் கரையில் கவிழ்ந்து, வாங்கியவர் அதற்கு அடியிலேயே போய்விட்டார். அவர் மனைவிக்காக நீங்கள் எனக்கு நோட்டீஸ் அனுப்பினீர்கள். அதைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தேன். கீழே மிளகாய் மண்டி, மேலே உங்கள் ஆபீஸ். தும்மிக்கொண்டே ஒருவரைத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "ஓட்டத் தெரியாம கவுத்தா நான் என்னங்க பண்றது? செகண்ட்ஸ் வண்டி விக்கிறவ கூடவே போய்க் காவலா நிக்க முடியும்?" என்று கத்தினேன். நான் முடித்ததும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னீர்கள்.

"கேஸு நிக்காது அம்மணி. இருக்கிற நிலையில வாங்கிக்கிறேன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்கார். அந்தம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"என்ன கேக்கணுமாம்?"

"இந்த மாதிரி வண்டி கவுந்தா ஆள் பொழைக்க மாட்டான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு."

தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நோட்டீஸை உங்கள் மேசையில் போட்டுவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். அந்த ஒரு மாதம் சோறு இறங்கவில்லை எனக்கு.

பிறகு நானேதான் திரும்ப வந்தேன். இனி நான் விற்கிற ஒவ்வொரு சின்ன வண்டிக்கும் சீட்டுக்குப் பின்னால் இரும்பு வளைவு வைத்து, பெல்ட்டும் போட்டுத்தான் கொடுப்பேன், அதற்கு ஒரு பத்திரம் எழுதித் தாருங்கள் என்றேன். சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தீர்கள்.

"நல்லா யோசிச்சுக்கங்க அம்மணி. போடாத வரைக்கும் அது அவன் விதி. போட்ட நிமிஷத்துல இருந்து அது உங்க வேலை. நாளைக்கு அந்தக் கம்பி முறிஞ்சா உங்களைத்தான் கேப்பாங்க."

"அப்ப ஒண்ணும் போடாம சும்மா இருக்கிறவதான் நல்லவளாக்கும்?"

"கோர்ட்டுல, ஆமா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். "இந்த வக்கீல் பேச்சக் கேட்டு நீங்க நிறுத்தப் போறதில்ல. போடறதுன்னா ஒழுங்கா போடுங்க."

ஒழுங்கு என்றால் உங்கள் ஒழுங்கு! என்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் ஒருவரைப் பிடித்து ஒவ்வொரு மாடலுக்கும் டிராயிங் போட வைத்தீர்கள். எந்தத் தகடு, எந்த போல்ட், எவ்வளவு முறுக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. அதில் ஒரு கோடு மாறக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. பத்திரத்தில்தான் எனக்கு ஆச்சரியம். வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கி நாம் தப்பித்துக்கொள்கிற காகிதமாக இருக்கும் என்று பார்த்தால், அதில் கையெழுத்துப் போட ஒரே ஓர் இடம், அதுவும் எனக்கு. என்ன போட்டிருக்கிறேன், எப்படிப் போட்டிருக்கிறேன், கழற்றாதே, துளை போடாதே, பெல்ட் இல்லாமல் ஏறாதே. "இது அவங்ககிட்ட வாங்குற காகிதம் இல்ல, நீங்க அவங்களுக்குக் குடுக்கிறது" என்றீர்கள்.

நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? தென்னந்தோப்பில் மட்டை இடிக்கிறது என்று ஒருவர் கழற்றி வைத்தார். கொட்டகைக்குள் வண்டி நுழையவில்லை என்று இன்னொருவர். ஒரு மகராசன் அதை நட்டு, அவரைக்கொடி ஏற்றிவிட்டிருந்தார், காய் நன்றாகப் பிடிக்கிறது என்று எனக்கே ஒரு பை பறித்தும் கொடுத்தார்! எனக்கு வந்ததே ஆத்திரம். அடுத்துப் போன வண்டியிலிருந்து, நாலாவது போல்ட்டை முறுக்கியதும் அதன் நட்டின்மேல் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தேன். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வளர்ந்த கை இது. கழன்றுவிடும் என்ற பயம் வந்தால் நாங்கள் செய்வது அதைத்தான். இனிமேல் கழட்டுங்கடா பார்க்கலாம் என்று மனசுக்குள் ஒரு கொக்கரிப்பு வேறு. அந்த ரக போல்ட் வெல்டிங் சூடு வாங்கினால் பலம் போய்விடும் என்று டிராயிங்கின் ஓரத்திலேயே வாத்தியார் எழுதியிருந்தார். ஒரு பொட்டுக்கு என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஒருநாள் யார்டுக்கு வந்தீர்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்து நின்ற வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, கண்ணாடிக் கூட்டால் அந்த வெல்டிங் பொட்டைத் தட்டிப் பார்த்து, "இது டிராயிங்ல இருக்கா அம்மணி?" என்று கேட்டீர்கள்.

"இருக்குங்க பாய்" என்றேன்.

இல்லை பாய். இல்லவே இல்லை. நீங்கள் அதை நம்பிவிட்டீர்கள், அதுதான் என்னைக் கொல்கிறது. மறுபடி ஒருமுறை கேட்டிருந்தால் உளறியிருப்பேன். நீங்களோ தலையை ஆட்டிவிட்டு, நன்னாரி சர்பத் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனீர்கள். அப்படி நான் கைவைத்த வண்டிகள் இருபத்து மூன்று, சின்னராசுவுடையதைச் சேர்த்து. அவர் பிழைத்தது மூன்று போல்ட்டின் தயவில்.

நேற்று உங்கள் ஆபீசுக்குப் போனேன். உங்கள் நாற்காலியில் இப்போது உங்கள் ஜூனியர். கெட்டிக்காரப் பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "யாரும் கேக்கலையேக்கா. ஃப்ரீ சர்வீஸ்னு கூப்பிட்டு போல்ட்டை மாத்தி விட்டுருங்க. தப்புன்னு வாயிலயும் சொல்லாதீங்க, எழுத்துலயும் குடுக்காதீங்க" என்றார். வக்கீலாக அவர் சொன்னது சரிதான். உங்களைக் கேட்டிருந்தாலும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லியிருப்பீர்களோ என்னவோ.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இது உழவு நேரம். ஃப்ரீ சர்வீஸ் என்று சொன்னால் எவர் வண்டியை நிறுத்துவார்? "ஆகட்டுமுங்க, வெதப்பு முடியட்டும் வாரேன்" என்பார்கள். நானே விவசாய வீட்டில் பிறந்தவள், நானும் அதைத்தான் சொல்வேன். அதுவரைக்கும் அந்த ஆர்ச்சை நம்பி, முன்னைவிடத் தைரியமாக வரப்பில் ஏற்றுவார்கள். உண்மையைச் சொன்னால்தான் வண்டி நிற்கும். ராசிபுரம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். யார்டு போனால் போகட்டும், பேர் கெட்டால் கெடட்டும். நீங்கள் எழுதின மாதிரியே என் கையெழுத்து மட்டும் போட்டு, நான் செய்த தப்பு இன்னது என்று இருபத்து மூன்று காகிதம் தயார் செய்தேன். வாத்தியாருக்குப் போன் செய்து திட்டு வாங்கிக்கொண்டு, புது போல்ட்டும் அவர் சொன்னபடியே வாங்கிவிட்டேன். காடு காடாக நானே போய் மாற்றப்போகிறேன். ‘போட்ட நிமிஷத்துல இருந்து அது உங்க வேலை’ என்றீர்களே பாய், அந்த வார்த்தையை நான் இறக்கி வைக்கவே இல்லை. கொஞ்ச நாள் ஏமாற்றிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இன்று காலை முதல் போன் போட்டேன். வாங்கியவரின் மனைவி எடுத்தார். "அவரு காட்டுல ஓட்டீட்டு இருக்கறாருங்க" என்றார். பின்னால் எஞ்சின் சத்தம் எனக்கே கேட்டது.

"அம்மணி, மொதல்ல வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

அந்தப் பெண் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே ஓடினார். மூச்சிரைப்பு கேட்டது, சருகு மிதிபடுவது கேட்டது. "ஏனுங்க! ஏனுங்க! நிறுத்துங்க! எறங்குங்க கீழே!" என்று அவர் கத்தக் கத்த எஞ்சின் சத்தம் கிட்டே வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"எறங்கீட்டாருங்க" என்றார் மூச்சு வாங்க. "என்னாச்சுங்க? கம்பியில கோளாறுங்களா? யாரு பண்ணுன வேலைங்க இது?"

"நாந்தானுங்க" என்றேன். "என்ற கையால பண்ணுனது."