அலை எட்டாத உயரத்துக்கு

நலம் பெருகுக. உப்புக்காற்று காவல் நிற்கும் நுரைமணல் நாட்டை ஆளும் ஆழிநங்கை, முகில் இறங்கித் துயிலும் கருங்குன்ற நாட்டுத் தலைவர் வேள் நன்னாகனார்க்கு விடுக்கும் ஓலை. உம் சுனைகள் வற்றாதிருக்க. உம் குடிகள் நோயின்றி வாழ்க.

கல் அனுப்புவதை நிறுத்திவைக்கச் சொன்னோம், காரணம் சொல்லவில்லை. நீர் மனம் வருந்தியதாகத் தூதர் உரைத்தார். ஆகவே இதை எழுதுகிறோம்.

எம் தம்பி இளம்பரிதி மூடுபனியில் கரை காணாமல் கலத்தோடு மூழ்கிய பின், அவன் நினைவாகக் கலங்கரை விளக்கமொன்றை அடி முதல் முடி வரை உம் மலைக் கல்லால் எழுப்ப ஆணையிட்டோம். மூன்று ஆண்டாகியும் அது பாதியில் நின்றது. மலைச்சரிவில் வண்டியோட்டிகள் நால்வர் மாண்டனர். விளக்கு ஏறாத அந்தப் பனிக்காலங்களில் பதினொரு படகுகள் கரை சேரவில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு காலை, கடலும் வானும் பாலில் கரைந்தாற்போன்ற பனியினூடே யாம் தனியே பணியிடம் சென்றோம். அங்கே சுண்ணாம்பு அரைக்கும் காரிக்கண்ணி என்பாள், எம்மை இன்னாரென்று அறியாமல் பேசினாள். அவள் வாய்மொழியை அப்படியே தருகிறோம்:

"கீழ அலை அடிக்குது, அங்க கல்லு வேணும். மேல வெறும் காத்துதானம்மா. அதுக்கு எதுக்கு மலைய வெட்டணும்? செங்கல் வெச்சு, கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைச்ச சாந்தப் பூசினா தாங்கும். விளக்குல மட்டும் கை வெக்காதீங்க. படகுக்காரன் பாக்கப்போறது அதத்தான்."

 யாம் கட்டிக்கொண்டிருந்தது எம் துயரத்தை என்று அப்போதுதான் விளங்கிற்று.

தலைமைச் சிற்பி இசையவில்லை. ஆதலால் அவள் சொன்னவாறே ஒரு சுவர் எழுப்பி, நாற்பது நாள் கடல்நீர் ஊற்றிச் சோதித்தோம். பின்னர் அவரே சுத்தியலால் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பெரும்புயலின் உப்புக்கோடு படிந்த உயரத்துக்கும் மேலே மூன்று ஆள் உயரம் வரை உம் கல் நிற்கிறது. அதற்கு மேல் செங்கல். எஞ்சிய செலவு பாதியாயிற்று. விளக்கின் எண்ணெயிலும் ஒளியைக் கூட்டும் பளிங்கிலும் ஒன்றும் குறைக்கவில்லை.

இந்த மார்கழியின் முதல் பனியில் ஒளி ஏற்றினோம். வெண்மைக்குள் பொன்னிறமாய் ஒன்று மிதந்தது. விடியலில் ஒன்பது படகுகள் கனவிலிருந்து வருவனபோல் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. கரையேறியவர்களில் ஒருவரும் அது எதனால் ஆனது என்று கேட்கவில்லை.

ஆகவே, உளிகளை அடக்குக. கல் வெட்டுவோரை அவரவர் வயலுக்கு அனுப்புக. மாண்ட நால்வர் குடும்பங்களையும் எம்மிடம் சேர்ப்பிக்க; அவர்களைப் பேணுவது எம் கடன். உம் குன்று மழையை ஏந்தி நெடிது நிற்கட்டும்.

சங்கு இலச்சினை பதித்து, எம் கையால் எழுதி விடுத்தோம். இவ்வாறே ஆகுக.