வேனில் உட்காரச் சொன்னவளுக்கு

செய்யூர்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

ஜோதிலட்சுமிக்கு உன் வீட்டுக்காரன் ஜெகதீசன் எழுதுவது.

நீ எனக்குச் செய்தது அநியாயம். நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். மெல்போர்னில் மகள் திவ்யா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஷ்யாமுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பி, சைக்கிள் பயணத்திலிருந்து என் பெயரை எடுக்க வைத்துவிட்டாய்.

ஷ்யாமை நீ வீடியோ காலில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாய். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சைக்கிள் குழு நடத்துகிறவன், நல்ல பிள்ளை. ஆனால் போனைக் காதில் வைத்துக் கேட்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. எது வந்தாலும் ஊருக்கே கேட்கிற மாதிரி போடுவான். அன்றைக்குச் செங்கல்பட்டு ஏரிக்கரை டீக்கடையில் குழுவின் கூட்டம். எல்லோரும் இருக்கும்போது உன் குரல் வருகிறது: “தம்பி, அவரு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிகினு கீறாரு. சொன்னா கேக்கமாட்டாரு. கையில சைக்கிளக் குடுத்தா ராமேஸ்வரம் வரைக்கும் போயிடுவாரு. வேன்ல ஒக்கார வைங்க. வாழப்பழத்தப் பாத்துக்கச் சொல்லுங்க, அது எங்கியும் ஓடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அந்த இடத்திலேயே என் பெயரை, சைக்கிள்களுக்குப் பின்னால் பழமும் தண்ணீரும் ஏற்றிவரும் வேனுக்கு மாற்றினார்கள். சரி, ஆயுசில் பாதியை லாரி ஸ்டியரிங்கில் கழித்தவனாயிற்றே, வேனை ஓட்டவாவது விடுவார்கள் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. ஓட்டப்போவது கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஜெயக்குமார். நான் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். என் மடியில் வாழைத்தார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நடுவில் “அது இருக்கட்டும், மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டு என் பேச்சை உடைப்பாய். கடிதத்தை உடைக்க முடியாது. நம் தெரு லோகநாயகியின் மகன் அடுத்த வாரம் அங்கே வருகிறான். அவன் கையில் இதையும் ஒரு டப்பா கடலை உருண்டையும் கொடுத்திருக்கிறேன். கடலை உருண்டை திவ்யாவுக்கும் பேத்திக்கும். நீ ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் நலம். மாத்திரை போடுகிறேன். சம்பா அறுப்பு முடிந்தது. மெஷின்காரன் வரப்பை ஒரு பக்கம் சாய்த்துவிட்டுப் போனான், அவனோடு சண்டை போட்டாயிற்று. உன் கறிவேப்பிலை கூரையைத் தொட்டுவிட்டது. யாரும் ஒடிப்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயணம் யாருடைய யோசனை என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்ததெல்லாம் நான் போனில் சரியாகச் சொல்லவில்லை, நீ பயப்படுவாய் என்று.

என் சிநேகிதன் தமிழ்வாணனுக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் செங்கல்பட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறான். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது உடம்பில் சாரமே இருக்காது, பஸ்ஸில் நிற்க முடியாது. ஒரு நாள் சீட் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கிவிட்டான். பஸ் அவனைச் செய்யூர் தாண்டிக் கடைசி நிறுத்தத்துக்கே கொண்டுபோய்விட்டது. கண்டக்டர் டீ வாங்கிக் கொடுத்து, எனக்குப் போன் போட்டார். அன்றிலிருந்து நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பின்னால் உட்கார வைத்து, துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டி ஓட்டிவருகிறேன். அந்த நிலைமையிலும் அவன் வாய் சும்மா இருக்காது. “டேய் ஜெகதீசா, சந்தைக்கு மாடு புடிச்சிகினு போறியா? கொஞ்சம் லூசா கட்றா நைனா!” என்று தெருவெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு வருவான்.

அவனுக்காவது நான் இருக்கிறேன். நம் பக்கத்துக் கிராமங்களில் துண்டு கட்ட ஆளில்லாதவர்கள் எத்தனையோ பேர். இவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவர ஒரு வேன் வேண்டும் என்று டயாலிசிஸ் செய்யும் இடத்தில் நர்ஸாக இருக்கும் ஜெஸ்ஸியிடம் நான்தான் சொன்னேன். ஜெஸ்ஸி ஷ்யாமின் குழுவில் சைக்கிள் ஓட்டுகிறது. அது ஷ்யாமிடம் சொல்ல, ஷ்யாம், “வெறும் கையை நீட்டிக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள் ஐயா. நாம் ஏதாவது செய்து காட்டிக் கேட்போம்” என்றான். அப்படி முளைத்ததுதான் இது. விதை என்னுடையது. அறுவடைக்கு வாழைத்தார் பிடிக்கச் சொல்கிறார்கள்.

திட்டத்தைக் கேள். செங்கல்பட்டில் கிளம்பி, மதுராந்தகம் வழியாகச் செய்யூர் வரைக்கும், அங்கிருந்து காயல் வரைக்கும் சைக்கிள். காயலைப் படகில், நாமே துடுப்புப் போட்டுக் கடக்க வேண்டும். அக்கரையில் இறங்கிக் கடலோரமாகவே மாமல்லபுரம் வரை நடை. பாலாறு கடலில் சேருகிற இடத்தில் தண்ணீர் இருந்தால் பாலத்துக்குச் சுற்றிப் போவது. மாசி மகத்துக்கு முந்தின நாள் போய்ச் சேருவோம். கடற்கரை நிறையக் கூட்டம் இருக்கும். உண்டியல் குலுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

நடைவழிக்கு மேப்பில் கோடு போட்டது நான். கரையோரமாக நேராக ஒரே கோடு. ஜெயக்குமார் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணாத்த, இந்தக் கோட்டுல நடந்தா கல்பாக்கத்துல துப்பாக்கி வச்சிகினு நிக்கிறாங்களே, அவங்க நமக்கு வேற ஊரு காட்டுவாங்க. நீங்க கோடு போட்டது அணுமின் நிலையத்துக்கு நடுவுல” என்றார். அந்த இடத்தில் மட்டும் ரோட்டுக்கு ஏறிப் போவது என்று மாற்றினார்கள். என்னைக் கேட்டால் கோட்டில் தப்பில்லை. கடற்கரை எல்லோருக்கும் பொது. அணுமின் நிலையத்தை அங்கே கட்டியதுதான் இடைஞ்சல்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தார்கள், காயல் வரைக்கும் சைக்கிளில். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் ரோடு என்ன அவர்கள் வீட்டுச் சொத்தா? என் பழைய சைக்கிளைக் காய்கறி ஏற்றப் போன மினி லாரியில் போட்டுக்கொண்டு மதுராந்தகம் போய், ஏரிக்கரையில் காத்திருந்தேன். கோபப்படாதே. முழுக் கடிதத்தையும் படி.

குழு வந்தது. எல்லோரும் சிவப்பு டீ-ஷர்ட். தூரத்திலிருந்தே லாரிக்காரன் கண்ணில் படட்டும் என்று ஷ்யாம் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தானாம். வேன்காரர்களுக்குச் சட்டை கிடையாது என்பதால் நான் லுங்கியும் நீலச் சட்டையுமாக, பால் கேன் மாட்டுகிற கொக்கியோடு இருக்கிற நம் சைக்கிளில், பின்னால் போனேன்.

இது என்ன மாதம்? தை. நம் பக்கத்து ரோட்டில் இந்த மாதம் சிவப்பு உடுத்திப் போகிறவர்கள் யார்? மேல்மருவத்தூருக்கு மாலை போட்டவர்கள். அதை அந்தக் குழுவில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. வழியெல்லாம் அன்னதானப் பந்தல். முதல் பந்தலில் நான்கு பெண்கள் ரோட்டுக்கே வந்து, “வாங்க சக்தி, வாங்க சக்தி, சாப்ட்டுப் போங்க” என்று சைக்கிளைப் பிடித்துவிட்டார்கள். ஷ்யாம், நாங்கள் பக்தர்கள் இல்லை, கிட்னி நோயாளிகளுக்காக ஓட்டுகிறோம் என்று விளக்கினான். அவர்களில் ஒரு பெண், “அதுவும் அம்மா வேலதான். மொதல்ல பொங்கல சாப்புடு” என்றது. சாமி பேரைச் சொல்லி நீட்டுகிற தொன்னையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சாப்பிட்டார்கள். அடுத்த பந்தலில் புளியோதரை. அதற்கடுத்து நீர்மோரும் சுண்டலும். ஜெஸ்ஸி கழுத்தில் சிலுவை டாலரோடு ஒவ்வொரு பந்தலிலும் கைகூப்பி, “நன்றி சக்தி” என்று சொல்லி இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டது. கடைசியில் கேசரி.

என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. லுங்கி கட்டிப் பழைய சைக்கிளில் போகிறவன் கழனிக்குப் போகிறான் என்று விட்டுவிட்டார்கள். ஒரு டம்ளர் மோர் கூடக் கிடைக்கவில்லை. இந்த அவமானமும் உன் கணக்கில்தான் சேரும்.

ஆனால் நடந்தது என்ன? பொங்கலும் புளியோதரையும் வயிற்றில் கிடந்து, செய்யூருக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் மொத்தக் குழுவும் சாய்ந்துவிட்டது. கியர் வைத்த சைக்கிளெல்லாம் வரிசையாகப் படுத்திருக்க, பக்கத்தில் ஷ்யாம் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துக் குறட்டை விடுகிறான். நான் மணியடித்துக்கொண்டே தாண்டிப் போனேன். நம் தெரு முனையில் நின்று தண்ணீர் குடித்து, மாத்திரை போட்டு, மெதுவாக மிதித்துக் காயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் ஆள். படகுக்காரரோடு நாட்டு நடப்பெல்லாம் பேசி முடித்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள்.

ஜெஸ்ஸி வந்த வேகத்தில் என் கையைப் பிடித்து நாடி பார்த்தது. பிறகு தன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அங்கிள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது நான்தான்” என்றது. இருந்தாலும் விடவில்லை. மறுநாளே என்னை இருதய டாக்டரிடம் கூட்டிப்போனது. ஓடுகிற மெஷினில் என்னை நடக்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டர், மெதுவாகச் சைக்கிள் விடலாம், படகில் போகலாம், உச்சிவெயிலில் மட்டும் நடக்கக் கூடாது, மூச்சு வாங்கினால் ரோஷம் பார்க்காமல் வேனில் ஏற வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார். ரோஷம் என்ற வார்த்தையை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. நீயாக இருந்தாலும் இருக்கும்.

அந்தச் சீட்டை ஷ்யாமிடம் நீட்டினேன். படித்தான். டாக்டர் சொன்னது சரி ஐயா, ஆனால் வேண்டாம் என்று சொன்னது அம்மா. அவர்களே தம் வாயால் சரி என்று சொன்னால்தான் உங்கள் பெயரைத் திரும்பச் சேர்ப்பேன் என்றுவிட்டான். கெஞ்சினேன் என்று நினைக்காதே, கத்தினேன். அசையவில்லை. பிடிவாதத்தில் அவன் என் பிள்ளையாகப் பிறந்திருக்க வேண்டியவன்.

ஆகையால் முடிவு உன் வாயில் இருக்கிறது. தமிழ்வாணன் மாமல்லபுரத்தில் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன் என்கிறான். நான் நடந்து வந்து சேரும்போது கைதட்டுவானாம். வேனில் வந்து இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வானாம். அவன் எதையும் எதிர்பார்த்து நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை ஜோதி.

இன்னொன்று. நீ ஷ்யாமுக்குப் பேசி அனுப்பியது என் போனிலும் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டேன். சாட்சிக்கு. நீ செய்தது மறந்துவிடக் கூடாது என்பதற்காக அவ்வப்போது போட்டுக் கேட்கிறேன். காலையில் காபி போடும்போது ஒரு முறை, விளக்கேற்றும்போது ஒரு முறை. ஆறு மாதம் என்று சொல்லிப் போனாய். பேத்தி நடக்கட்டும் என்றாய், நடந்துவிட்டாள். பேசட்டும் என்றாய். பேசுகிறாள், போனில் நானே கேட்டேன், உன்னைப் போலவே அதட்டுகிறாள். அதைப் பற்றி இங்கே நான் ஒன்றும் எழுதவில்லை. விஷயம் சைக்கிள்.

இனி ஆக வேண்டியவை:

ஷ்யாம் சிவப்புச் சட்டைகளை மாற்றி வேறு நிறம் அடிக்க வேண்டும். எனக்கும் ஒன்று, பெரிய சைஸில்.

ஜெஸ்ஸி கூடவே வந்து என் நாடியைப் பார்க்கலாம். எல்லோர் முன்னாலும் எண்ணிச் சொல்லக் கூடாது.

ஜெயக்குமார் கல்பாக்கத்தைச் சுற்றிப் போகிற வழியை எழுதித் தர வேண்டும். வாழைத்தாருக்கு வேறு மடி பார்க்க வேண்டும்.

தமிழ்வாணன் மாசி மகம் வரைக்கும் ஒரு நாள்கூட டயாலிசிஸைத் தவறவிடக் கூடாது. கூட்டிவருவது என் பொறுப்பு.

திவ்யா இந்தக் கடிதத்தை உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கண்ணாடியைக் காணோம் என்று நீ தப்பிக்கக் கூடாது.

நான் உச்சிவெயிலில் நடக்க மாட்டேன். மூச்சு வாங்கினால் வேனில் ஏறுவேன். இதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், போதுமா?

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சரி என்றால் ஷ்யாமுக்குப் போனில் சொல்லிவிடு. வேண்டாம் என்றால் போனில் சொல்லக் கூடாது, நான் ஏற்க மாட்டேன். மாசி மகத்துக்கு முன்னால் இங்கே வந்து, நம் வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வேனில் ஏறி உட்காருகிறேன்.

அங்கே எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்மேல் கோபம் தீராத,
ஜெகதீசன்