சிங்க்குக்கு அடியில் ஒரு பலகை

என் அன்பு மகள் வாலுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நான் நலம், மாடித் தொட்டியும் ஒழுகாமல் நலம், அம்மா எப்படி என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றாலும் நீ சொல்லப்போவதில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று திருத்துவாள், இந்த விஷயத்தில் என்னைத் திருத்த நிறைய இடம் இருப்பதால் முழுதாகச் சொல்லி முடிக்க முடியாது.

பெரிய சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வேறு ஊரில் புதிதாக ஒரு கிளை கட்டியிருக்கிறார்கள், அங்கே சலவைப் பிரிவை ஆரம்பித்துக் கொடுக்க ஆறு மாதத்துக்கு அம்மாவை மேற்பார்வையாளராகக் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடம் படுக்கை விரிப்பு துவைத்தவளுக்கு, அடுத்தவர் துவைப்பதைப் பார்த்துக் குறை சொல்லும் பதவி இப்போதுதான் வந்திருக்கிறது, அதிலும் அவளுக்கு வீட்டில் என்னை வைத்து நல்ல பயிற்சி உண்டு. ஆனால் அவள் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் மூச்சு விடவில்லை. போன திங்கட்கிழமை அவளோடு வேலை பார்க்கும் இஸ்திரி அக்கா தெருவில் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, அவளுக்கு இத்தனை வருஷம் கழிச்சு ஒரு நல்லது வருது, நீ எதுக்குக் குறுக்க நிக்கிற" என்றார். நான் தோளில் பத்தடி பைப்போடு நிஜமாகவே தெருவுக்குக் குறுக்கேதான் நின்றிருந்தேன், மன்னிப்புக் கேட்டு ஓரமாக நகர்ந்தேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார், வெள்ளிக்கிழமைக்குள் மனசு மாறினால் சொல்லலாம், இல்லையென்றால் வேறு ஆளை அனுப்பிவிடுவார்களாம். வீட்டுக்கு வந்து கேட்டேன். "வீட்டுல ஆள் இல்லன்னு சொல்லிட்டேன்" என்றாள். அப்போது நான் யார் என்று கேட்டேன். "நீங்க இருக்கீங்களே, உங்களப் பாத்துக்கத்தான் ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இதற்கும் நீ அனுப்பிய புத்தகத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறு. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா எழுதியது, பெண்களுக்கு நல்ல காலம் வந்த ஒரு ஊரைப் பற்றிய கற்பனை, இன்றைக்கு இதைப் படிப்பவர்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று உன் பேராசிரியை கேட்கிறார், அதனால் ஒரு சாதாரண வாசகர் படித்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். உலகத்தில் இத்தனை பேர் இருக்க என்னைப் பொறுக்கி எடுத்ததில் மகிழ்ச்சி, என்னைவிடச் சாதாரணமாக ஒருவர் கிடைப்பது கஷ்டம்தான். பைப்பை ஒட்டிவிட்டு அந்தப் பசை காயும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன் இல்லையா, அந்த நேரத்தில் படித்தேன், ஒரு இணைப்புக்கு இரண்டு பக்கம் வீதம் ஒரு மாதம் ஆனது. நடுவில் ஒரு அத்தியாயம் ரொம்ப சுவாரசியமாகப் போனதால் ஒரு வீட்டில் தேவையில்லாமல் மூன்று இணைப்புகள் கூடுதலாகப் போட்டுவிட்டேன், அவர்களுக்குத் தெரியாது.

கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் நான் நிஜமாகவே படித்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு டீச்சரம்மா தவறான ரயிலில் ஏறித் தெரியாத ஊரில் இறங்குகிறார், அங்கே நீதிபதி டாக்டர் ரயில் ஓட்டுபவர் எல்லாருமே பெண்கள், குதிரையில்லாமல் வண்டி ஓடுகிறது, துணியை இயந்திரம் துவைக்கிறது. இதெல்லாம் சரி. எனக்குக் கோபம் வந்தது ஒன்பதாவது அத்தியாயத்தில். அந்த ஊரில் ஒரு சட்டம், வீடு கட்டிய கொத்தனாரும் குழாய் மாட்டியவரும் அந்த வீட்டில் ஒரு மாதம் தங்கி, தாங்களே சமைத்துப் பாத்திரம் கழுவிக் காட்டிய பிறகுதான் சாவியைக் கைமாற்ற வேண்டுமாம். முப்பது வருடத் தொழில்காரனுக்கு இதைவிட அவமானம் உண்டா. என்னோடு வேலை பார்க்கும் கொத்தனாரிடம் படித்துக் காட்டினேன், அவர் முகம் வெளுத்துவிட்டது, "அப்ப நான் கட்டுன மாடிப்படியில நானே ஏறணுமா, விளையாடறியா ஏணி" என்றார். ஊரில் என்னை இன்னும் ஏணி என்றுதான் கூப்பிடுகிறார்கள், இந்த வயதிலும் ஒரு அங்குலம் குறையவில்லை.

அந்தச் சட்டம் அநாவசியம் என்று நிரூபிப்பதற்காகச் செவ்வாய்க்கிழமை காலை, அம்மா வேலைக்குப் போன பிறகு, நானே பாத்திரம் கழுவினேன். ஆமாம், நான்தான், திரும்பப் படிக்க வேண்டாம். நம் சமையலறைச் சுவரில் இரும்புத் தாங்கியில் தொங்குகிறதே அந்த சிங்க், நாம் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் என் கையால் மாட்டியது, அன்றைக்குப் பிறகு இப்போதுதான் அதன் முன்னால் நிற்கிறேன். என்ன சௌகரியம் என்கிறாய், முதுகு வளைக்க வேண்டாம், கை நேராகப் போகிறது, எவன் மாட்டினானோ கைகாரன் என்று நினைத்துக்கொண்டேன். காலில் மட்டும் ஒரு பழைய பலகை இடறிக்கொண்டே இருந்தது, வீட்டில் குப்பை சேர்ந்துவிட்டது என்று அதை எடுத்துக்கொண்டு போய் வேலை நடக்கும் இடத்தில் பைப் அறுக்க அடியில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா வந்து, "பலகை எங்க" என்றாள். எந்தப் பலகை என்றேன். பாத்திரம் கழுவப் போனாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். நான் மாட்டிய சிங்க் ஒழுகுவதா என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன், எல்லாம் சருகு மாதிரி காய்ந்து கிடந்தது. அப்படியே தலையைத் திருப்பினால் உன் அம்மாவின் இரண்டு குதிகாலும் அந்தரத்தில் நிற்கின்றன. எட்டிக் கழுவினால் தண்ணீர் எங்கே போகும், மணிக்கட்டிலிருந்து இறங்கி முழங்கை வழியாகத் தரைக்குத்தான். குழாய் ஒழுகவில்லை வாலு, உன் அம்மாவின் முழங்கைதான் ஒழுகியது. படுத்தபடியே எத்தனை நாளாக என்று கேட்டேன். "குடிவந்த நாள்லேருந்து. மொதல்ல ரெண்டு செங்கல்லு, அப்புறம் வாலுக்குத் தொட்டில் வந்த பெட்டியோட பலகை" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். அதற்கு அவள் சொன்னது, "எல்லா வீட்டுலயும் அந்த வீட்டம்மாவ நிக்க வெச்சு அளவெடுத்துட்டுத்தான் மாட்டற ஆளு நீங்க. நம்ம வீட்டுல மட்டும் எடுக்கலன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

இருபத்தாறு வருடமாக நான் ஒரு காரணம் யோசித்து வைத்திருப்பதாக அவள் நம்பியிருக்கிறாள். அன்றைக்கு ஆளில்லாத வீட்டில் நான் மட்டும் நின்றேன், என் இடுப்புக்கு ரசமட்டம் வைத்துக் கோடு போட்டேன், காரணம் அவ்வளவுதான். அதனால் உன் பேராசிரியைக்கு என் பதிலை எழுதிக்கொள். புத்தகம் எழுதிய அந்த அம்மா கனவு கண்டதில் குதிரையில்லாத வண்டி வந்துவிட்டது, பெண் டாக்டர் பெண் நீதிபதி வந்தாயிற்று, துவைக்கும் இயந்திரம் வந்து அதில் உன் அம்மா பத்தொன்பது வருடமாக வேலையும் பார்க்கிறாள். வராமல் நிற்பது அந்த ஒன்பதாவது அத்தியாயம்தான், அதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. புத்தகத்தில் ஒரு குறையும் உண்டு, கழிவுநீர் எங்கே போகிறது என்று கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு அது பெரிய குறைதான், ஆனால் இந்த வாரம் அதை அழுத்திச் சொல்லும் நிலைமையில் நான் இல்லை.

புதன்கிழமை பலகையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன், வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. அம்மாவை மத்தியானமே வரச்சொல்லி, சிங்க் முன்னால் நிற்கவைத்து அளவெடுத்தேன், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி கையைத் தொங்கவிட்டு நேராக நின்றாள், வெட்கம் வேறு. ஐந்தரை அங்குலம் இறக்கினேன், கழிவுப் பைப்பை வெட்டிக் குழாயையும் கீழே கொண்டுவந்தேன். முடித்துவிட்டு, அந்த ஊருக்குப் போகிறேன் என்று நாளைக்கே சொல்லிவிடு, இந்த ஆறு மாதமும் நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் சிங்க்கையும் பார்த்தாள் என்னையும் பார்த்தாள், "அது சரி, நான் போயிட்டா இதுல யாரு நிப்பா" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் அம்மா சிரித்தாள் பார், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துவிட்டு இரண்டு டம்ளரைக் கையில் கொடுத்துக் கழுவச் சொன்னாள், பக்கத்தில் நின்று, "சோப்பு போகல" என்றாள், இன்னொரு தடவை கழுவினேன், "ம்" என்றாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். மேற்பார்வைப் பதவியில் அவளுக்கு முதல் ஆள் நான்தான் என்பதைக் குறித்துக்கொள்.

இன்று காலை அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். சோறு வடிப்பது எப்படி என்று சுவரில் ஏழு வரி எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், அதில் ஐந்தாவது வரி அடுப்பை அணைக்கவும் என்பது, அதை முதலிலேயே செய்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்கிறார் கொத்தனார். மத்தியானம் குனிந்து குனிந்து ஒரு தட்டும் ஒரு சட்டியும் கழுவியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, இந்த சிங்க் உயரத்துக்கு ஏணியாக இருப்பது எவ்வளவு சிரமம் என்று இப்போது தெரிகிறது. காலையில் பஸ்ஸில் அம்மாவின் பையைத் தூக்கி வைக்கும்போது கனமாக இருக்கிறதே என்று திறந்து பார்த்தேன், பழைய துண்டில் சுற்றிய அந்தப் பலகை, நான் பைப் அறுத்த ரம்பக் கோடுகளோடு இருந்தது. எதற்கு இது என்றேன். "அங்கயும் உங்கள மாதிரி ஒரு ஏணிதான் மாட்டியிருப்பான்" என்றாள். அளவு சொல்லு, ஸ்பேனரோடு வந்து இறக்கித் தருகிறேன் என்றேன். "வேண்டாம், அங்க நான்தான் மேற்பார்வை, மாட்டினவன கூப்பிட்டு நானே எறக்கச் சொல்றேன். அதுவரைக்கும்தான் இது" என்று பையை வாங்கிக்கொண்டாள்.

உன் அறையில் குழாய் சொட்டுகிறது என்றாயே, வாஷர் மாற்றினால் போதும், குழாயையே மாற்ற வேண்டும் என்று சொல்பவனை உள்ளே விடாதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் முதலில் அம்மாவுக்குப் போன் செய், பிறகு எனக்கு, மறந்துவிடாதே. வருபவன் யாராக இருந்தாலும் நீ நின்று அளவு கொடுத்த பிறகே ஆணி அடிக்க விடு, உன் கால் இரண்டும் தரையில் ஊன்றி நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும்.

இனிமேல் யார் கேட்டாலும் வீட்டில் ஆள் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இப்படிக்கு,
அந்த ஆள்,
உன் அப்பா.