கிருமி அனுப்பும் நாற்காலி

ராஜபாளையம்
16.8.1998

அன்பு மகள் சௌதாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அத்தாவும் அல்லாஹ் கிருபையால் நலம். கனடாவில் குளிர் தொடங்குமுன் காதை மூடிக்கொள்ளப் பழகு.

உன் கடிதம் வந்தது. கிருமி ஆராய்ச்சி முடிய இன்னும் இரண்டு வருஷமாகும் என்று எழுதியிருந்தாயே, அதை அத்தாவிடம் எப்படிச் சொல்வதென்று மூன்று நாள் முழித்தேன். அவரோ கடிதத்தில் நீ வரைந்த கிருமியையும் ஊசியையும் மட்டும் பார்த்துவிட்டு, நம் தறிக்கு பேண்டேஜ் துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், எம் மக கிருமிக்கே ஊசி போடுதா என்று பீற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மதார் சாகிப் வீட்டார் தங்கள் மகனுக்கு உன்னைக் கேட்டு, பால்கோவாவோடு வந்தார்கள். ஊசி போடத் தெரிந்த பெண் என்றதும் அவர்களுக்குக் கொண்டாட்டம். இங்கேயே நர்சு வேலை பார்க்கட்டும், நோன்புக்கு முன்னாலேயே நிக்காஹ் வைத்துவிடலாம் என்றார்கள். அத்தாவும் தலையை ஆட்டினார்.

அவர்கள் போனதும் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஊசி போடுவது நம் பிள்ளை இல்லை, கிருமிதான் என்றேன். அது ஊசி வழியாகத் தன் புரதங்களைக் குடல் செல்லுக்குள் இறக்குகிறது. அதில் ஒன்று செல்லின் தோலில் நாற்காலி மாதிரி நின்றுகொள்ள, கிருமி வந்து அதில் உட்காருகிறது. நீ எழுதிய இதைக் கேட்டு அத்தா விழுந்து விழுந்து சிரித்தார். போற வீட்டுக்கு நாற்காலியை முன்னால அனுப்புத ஆளை இப்பத்தான் கேள்விப்படுதேன், மதார் சாகிப்கூட நம்ம பாயிலதான உக்காந்தாரு என்றார்.

கடைசி வரியையும் வாசித்தேன். கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இது என்ற வரி. அத்தாவின் சிரிப்பு நின்றது. உன் தம்பி காதர் ஏழாம் மாதத்தில் வயிற்றுப்போக்கில் போனான். பத்தொன்பது வருஷமாக அவர் அந்தப் பேரையே எடுத்ததில்லை. நம்ம காதருக்கு வந்ததும் இந்தக் கழுதைதானா என்று கேட்டார். தெரியாது என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

நேற்றுக் காலை அவரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். எம் மக ரெண்டு வருஷம் பொறவுதான் வருவா, காத்திருந்தா சந்தோஷம், இல்லாட்டி வருத்தமில்ல என்று சொல்லிவிட்டாராம். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். வரும்போது இவரும் பால்கோவா வாங்கி வந்தார். பையனையும் பார்த்தாராம்; நல்லவன்தானாம், காது மட்டும் கொஞ்சம் பெரிசாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த அறிவும் தரட்டும். அத்தா ஒன்றே ஒன்று எழுதச் சொன்னார்: அந்த நாற்காலியை உடைச்சுட்டு வா தாயி, அம்புட்டுத்தான்.

உன் அம்மா
மாஜிதா