என் ஏரியலில் இருந்த கிளிப்

அன்புள்ள மாமா,

உங்கள் காரியம் முடிந்து பந்தலும் பிரித்தாயிற்று. பிறந்த வீட்டுக் கோடியை அக்காவுக்கு நான்தான் போட்டேன். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் உங்களைத் தங்கமான மனுஷன் என்றார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். "அவரு ரிமோட் ஏரோப்ளேன் சாமானெல்லாம் பீரோ மேல அப்டியே கெடக்குது. ஒருத்தர் வேணும்னு கேக்கறாரு. எது எதுக்கு ஜோடின்னு பாத்து வச்சிட்டுப் போடா."

உட்கார்ந்தேன். ரிமோட்டின் அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல்களை எல்லாம் ஒரே மிட்டாய் டப்பாவில் கொட்டி வைத்திருந்தீர்கள். நகத்தளவு தகர உறை, இரண்டு கம்பிக் கால்கள். கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டருக்கு ஒன்று, விமானத்துக்குள் இருக்கும் ரிசீவருக்கு ஒன்று. இரண்டிலும் சேனல் எண் ஒன்றாக இருக்கவேண்டும். ஆனால் டிரான்ஸ்மிட்டருக்குரியதை ரிசீவரில் மாட்டக்கூடாது. கம்பெனியும் மாறக்கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் அன்றைக்கே தெரியும். ஊர்தான் நம்பவில்லை.

இப்போது வரும் ரிமோட்டுகளில் கிரிஸ்டலே கிடையாது, மாமா. பட்டனை அழுத்தினால் தானே ஜோடி சேர்ந்துகொள்கிறது. பக்கத்தில் பத்துப் பேர் பறக்கவிட்டாலும் ஒன்றின் சிக்னலில் இன்னொன்று குறுக்கிடுவதில்லை. நாம்தான் துணி காயப்போடும் கிளிப்பை நம்பி விமானம் விட்டோம். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு சேனல் எண். பறக்கவிடும் இடத்தில் வைத்த பலகையிலிருந்து அதை எடுத்து ஏரியலில் மாட்டியவர் மட்டும்தான் சுவிட்சைப் போடலாம். ஒரே எண்ணில் இரண்டு பேர் போட்டால் மேலே இருக்கும் விமானம் கைவிட்டுப் போய்விடும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே நீங்கள்தான்.

அன்று சிங்கவரம் போகும் வழியில், கடலை பிடுங்கிய கொல்லையில், என் விமானம் மேலே இருந்தது. என் சேனலின் கிளிப் என் ஏரியலில் இருந்தது. அதே எண்ணில் நீங்களும் புது ஜோடி வாங்கியிருந்தது எனக்குத் தெரியாது. திடீரென்று விமானம் என் கைக்கு அடங்காமல் துடித்தது, கவிழ்ந்தது, பாறையில் மோதிச் சிதறியது. திரும்பிப் பார்த்தேன். கார் பக்கம் நின்று, பஜார் நண்பர் ஒருவருக்கு உங்கள் டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் திறந்தீர்கள். "இன்னா மச்சான், ஒரு கம்பெனி செட்டுக்கு வேற கம்பெனி கிரிஸ்டல் போட்டா இப்டித்தான் ஆவும். பிசிக்ஸ் வாத்தியாரு வேற!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் என்ன சொல்ல முடியும்? நீங்கள் எங்கள் வீட்டில் பெண் எடுத்தவர். நான் ஒரு வார்த்தை பேசினால் அது அக்காவின் அடுப்படி வரைக்கும் போகும். உடைந்த இறக்கையைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நான் பறக்கவிடவே இல்லை.

நீங்களோ அந்தப் பேச்சை விடவில்லை. காதுகுத்தா, வளைகாப்பா, பந்தியில் உட்கார்ந்தால் அந்தக் கதைதான். "எங்க மச்சான் கிட்ட பல்பு மாத்தக்கூடக் குடுக்காதீங்க, கம்பெனி மாத்திடுவான்." பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை வரைக்கும் அது வந்து சேர்ந்தது. எத்தனை வருஷம், மாமா? உங்களுக்கு ஒரு நாளாவது அலுக்கவில்லையா?

டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தபோது அக்கா டீயோடு வந்தாள். கையிலிருந்த ஜோடியைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "இதானே அன்னிக்கு அவரு தெரியாம ஆன் பண்ணது?"

"உனுக்கு யாரு சொன்னது?"

"அவருதான். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுமே. 'உன் தம்பி ப்ளேன நான்தான்டி கவுத்துட்டேன், அவங்கிட்ட போய் ஒத்துக்கினா என் கெத்து இன்னா ஆவறது'ன்னாரு. அப்பறமா உன்கிட்ட சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்!"

"சொல்லியிருந்தா பந்திக்குப் பந்தி அப்டிப் பேசுவாராக்கா?"

"வெளாட்டுக்குப் பேசறாருன்னு நெனச்சேன்டா. விடு. செத்தவரப் போயி…"

உங்களுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் போட்டதை நீங்கள் கவனிக்கவில்லை, கம்பெனிக் கதையை நிஜமாகவே நம்பினீர்கள் என்று. அந்த ஒரு ஆறுதலும் போயிற்று. தெரிந்தே சிரித்திருக்கிறீர்கள். என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் படத்திறப்பு. பஜார்க்காரர்கள் நினைவு மலர் போடுகிறார்கள். என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். இதுதான் அந்தப் பக்கம். இதுவரை எழுதியதை முதலில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மிட்டாய் டப்பாவை மூடி பீரோ மேல் வைத்தாள். பிறகு, "அவரப் பத்தி ஒரு நல்லதாச்சும் எழுதுடா" என்றாள்.

எழுதுகிறேன். என் அக்காவை நீங்கள் ஒரு நாளும் கண்கலங்க வைத்ததில்லை. இது உண்மை. அந்த உண்மைக்காகத்தான் மற்றதை நான் இவ்வளவு காலம் விழுங்கினேன்.

இனி அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவளுக்கு ஒரு குறையும் வராது. உங்கள் திதிக்கு வருவேன், படத்துக்கு மாலை போடுவேன். மன்னிப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கமாட்டேன். அதைக் கேட்கவேண்டியவர் கேட்காமலே போய்விட்டார்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி