போனின் நல்லது கெட்டது

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
11 ஜனவரி 2009

அன்பு மகள் கரீனுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அவளுடைய ஒரு கால்விரல் நீங்கலாக. ஓர்லேயானில் பனி கொட்டுவதாக டிவியில் காட்டினார்கள், வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொள்.

ஆகஸ்ட்டில் நீ அனுப்பிய தொடுதிரை போன் எப்படி, உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் தன் அப்பாவுக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறாள், நல்லது கெட்டதை மறைக்காமல் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். கெட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய போன் வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் திருப்தியாக இருந்தது, இது தினமும் கேட்கிறது, கரண்ட் இல்லாத நாளில் செத்துப்போகிறது. பித்தான் ஒன்றுகூட இல்லாததால் என் விரல் எங்கோ பட்டு, பங்குத்தந்தைக்கு மத்தியானம் இரண்டு முறை அழைப்பு போய், எடுத்தால் யாரும் பேசவில்லை என்று அவர் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் நோயில்பூசுதல் எண்ணெயோடு ஓடி வந்துவிட்டார். உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டு, காபி கொடுத்து அனுப்பினேன். எதிர் வீட்டு இராமதாஸ் வாரம் ஒரு உறவுக்காரரை அழைத்து வந்து, சார் ஒரு தடவ தொட்டுக் காட்டுங்க என்கிறார், நான் ஓய்வு பெற்றது பிரெஞ்சு ராணுவத்திலிருந்தா சர்க்கஸிலிருந்தா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உன் அம்மா அதை லேஸ் துணியில் சுற்றி பீரோவில் பூட்டி வைப்பாள், மணி அடித்து நாங்கள் சாவியைக் கண்டுபிடிப்பதற்குள் நின்றுவிடும்.

நல்லது ஒன்றே ஒன்று. அதில் பாதி உனக்குத் தெரியும், இங்கே நடந்த மீதியை எழுதுகிறேன். நவம்பரிலேயே உன் அம்மாவின் வலது கால் கட்டைவிரலில் புண் வந்துவிட்டது. செருப்புக் கடி என்றாள், சர்க்கரைக்காரிக்குச் செருப்புக் கடி ஏது என்றேன். "சொன்னீங்கன்னா பொண்ணு லீவு போட்டுட்டு வந்து நிக்கும். வாயத் தொறக்காதீங்க" என்றாள். நானும் திறக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் உனக்கு 'இருவரும் பூரண நலம்' என்று நான் எழுதியபோது அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து விரலுக்கு மஞ்சள் பத்து போட்டுக்கொண்டிருந்தாள். போனில் நீ கேட்டபோதெல்லாம் சா வா, சா வா, நல்லா இருக்கோம் என்று பிரெஞ்சும் தமிழுமாக முடித்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை கூடத்துத் தரையில் குடில் கட்டினாள். இந்த வருஷம் ஆட்டுக்குட்டி எல்லாம் புதுசு, உனக்குக் காட்டியே தீர வேண்டும் என்று தானே நின்றபடி குனிந்து படம் எடுத்தாள், எப்படியோ உன் மெயிலுக்கும் அனுப்பினாள். படம் போய்ச் சேர ஒரு முழு ஜெபமாலை நேரம் ஆயிற்று. சாயங்காலம் நீ கூப்பிட்டாய். குடில் அழகா இருக்கும்மா, ஓரத்துல புண்ணோட தெரியற கால் யாருது என்று கேட்டாய். வேலைக்கு வரும் அஞ்சலாட்சியோடது என்று உன் அம்மா கண் இமைக்காமல் சொன்னாள், பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கவில்லை. "அஞ்சலாட்சி எப்பம்மா உன் மெட்டியப் போட ஆரம்பிச்சா? அப்பாகிட்ட குடு" என்றாய். பிறகு நீ என்னிடம் பேசியது நமக்குள்ளேயே இருக்கட்டும், நான் அதற்குத் தகுதியானவன்தான். அன்றே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம் என்றார் டாக்டர். விரல் போயிற்று, கால் இருக்கிறது, நேற்று கோயில் வாசல் வரை நடந்தாள். முப்பத்தாறு வருஷம் பக்கத்தில் இருப்பவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான், நீ கடல் தாண்டி இருந்து பார்த்தாய். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லிப் பழக்கமும் இல்லை, இதையே நன்றியாக வைத்துக்கொள். அந்த டிசம்பர் கடிதத்துக்கு என்னை மன்னித்துவிடு. உன்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண்ணைத் தன் அப்பாவுக்குத் தாராளமாக இந்த போனை வாங்கித் தரச் சொல்.

புத்தாண்டுக்கு நீ அனுப்பிய படமும் வந்தது. கேக் நன்றாக இருந்தது, நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். பின்னால் கதவருகே கோட் மாட்டும் இடத்தில் உன்னுடையது மட்டும் இருக்கிறது, மேசையில் ஒரே ஒரு தட்டு. மாப்பிள்ளை செத்ரிக் வேலையாக வெளியூர் போயிருப்பார் என்று நான் சொன்னேன், இருக்கும் என்று உன் அம்மாவும் சொன்னாள், இருவருமே நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் மறச்சி வச்சி வெரல் போச்சி. அது எத மறச்சி வச்சிருக்குன்னு கேளுங்க." கேட்டுவிட்டேன். பதில் எழுத மனம் வந்தால் எழுது, இல்லாவிட்டால் வேண்டாம். லீவு கிடைத்தால் புறப்பட்டு வா, காரணம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

மாதா உன் கூடவே இருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று: விமானம் என்றைக்கு என்று மட்டும் தெரிவி, சென்னையில் வெளியே வரும் வாசலில் நான் நிற்பேன், அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா