பூட்டிய வீட்டில் இரண்டு பேர்

நவ. 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பருத்திப்பட்டு ஏரி நிரம்பிவிட்டதாகத் தெருவில் பேச்சு. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. வேலை என்று பெயர், பாதி நேரம் ஜன்னலைத்தான் பார்த்தேன்.

மத்தியானம் கு. வந்தான். குமரேசன். என் கணவன், அடுத்த மாதம் வரைக்கும். பரணில் கிடக்கும் அவன் பெட்டியை எடுத்துப் போகச் சொல்லி நான்தான் மெசேஜ் அனுப்பியிருந்தேன். இந்த மழையில் வருவான் என்று நினைக்கவில்லை. "ஒரு மணி நேர வேலதானே மே" என்று பஸ் பிடித்து வந்து நிற்கிறான். புத்தி இருந்தால் அவன் ஏன் கு.

வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், கடைசி வாய்தா முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று. பட்டால் பிரிந்து வாழவில்லை என்றாகி, விவாகரத்துக்கு அலைந்த ஒன்றரை வருஷமும் பாழ். கீழ் வீட்டு ஓனர் அக்கா வேறு, அவன் இந்தப் படியில் கால் வைத்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் அவன் ஈரச் செருப்பை முதலில் உள்ளே எடுத்துப் போட்டேன்.

அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வர ஆரம்பித்ததும் டெம்போ பிடித்து வானகரத்தில் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். சாமான் ஏற்றி முடிக்க இருட்டிவிட்டது. அதுவரைக்கும் கு.வைப் படுக்கையறையில் சத்தம் போடாமல் உட்கார வைத்தேன். அக்கா என்னையும் கூடக் கூப்பிட்டாள். நசரத்பேட்டையிலிருந்து தோழி கார் எடுத்து வருகிறாள், நான் போய்க்கொள்கிறேன் என்று பொய் சொன்னேன். கோபியில் இருக்கும் அண்ணனுக்கும் அதே பொய், மெசேஜில். கு. அவன் அம்மாவிடம் நைட் ஷிப்ட், கம்பெனியிலேயே படுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டான்.

அக்கா போனபிறகு தெரு அடங்கட்டும் என்று காத்திருந்து, பத்து மணிக்கு அவனை அனுப்பலாம் என்று கீழே இறங்கினால், ஏரித் தண்ணீர் படியில் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. கரண்ட் போயாச்சு. அவன் ஹாலில், நான் உள்ளே. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நவ. 19, புதன்

மழை விடவில்லை. டவர் இல்லை. போன் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இருப்பு: கேஸ், அரிசி, ரவை, ஊறுகாய், முக்கால் கேன் தண்ணீர். மொட்டை மாடியில் பக்கெட் வைத்தால் மழைத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும். இல்லாதது: இன்சுலின்.

அது அம்பத்தூரில் அவன் வீட்டு பிரிட்ஜில் இருக்கிறது. கு.வுக்குச் சின்ன வயசிலிருந்தே சர்க்கரை. காலையில் ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி, மாத்திரையெல்லாம் வேலைக்கு ஆகாது. நேற்று ராத்திரியும் இல்லை, இன்று காலையும் இல்லை. கேட்டால், "ஒண்ணு ரெண்டு நாள் தாங்கும் மே, நீ இன்னா டாக்டரா?" என்கிறான். எனக்குக் கோபம் வந்தால்தான் அவனை 'நீங்க' என்பேன். "நீங்க எடுத்துட்டு வந்திருக்கலாமுங்கல்ல" என்றேன்.

ரவையைக் கிண்டி வைத்தேன். தட்டில் தாளம் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறான். இந்தத் தாளம், இந்தப் பேச்சு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூடக் குடும்பக் கதை சொல்கிற குணம். கல்யாணத்துக்கு முன்னால் இதற்குத்தான் மயங்கினேன். அப்புறம் தலைவலி மாத்திரை வாங்க வைத்ததும் இதுதான். அவனுக்கு என் மௌனம் ஆகவில்லை. சுவரோடு குடித்தனம் பண்ணுகிறேன் என்று அவன் அம்மாவிடம் சொன்னானாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மாலையில் படகு வந்தது. மோட்டார் சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். திரைச்சீலையை விலக்கினால், படகில் எதிர்வீட்டுப் பெரியவர், குடும்பத்தோடு. அக்காவின் ஆத்ம நண்பர். அவருக்குத் தெரிந்தால் ஆவடி முழுக்கத் தெரியும். படகுக்காரர் அண்ணாந்து, "மேல யார்னா கீறீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

கு. பால்கனிக் கதவில் கை வைத்துவிட்டான். பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்தேன். இழுக்கவில்லை. பிடித்தேன், அவ்வளவுதான்.

பெரியவர் சொல்வது நன்றாகக் கேட்டது. "அது பூட்டின ஊடு பா. அந்தப் பொண்ணு நேத்தே பூடுச்சு."

கு. என் கையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டான். "சர்தான் வுடு. நாளைக்கு வேற போட்டு வரும்" என்றான். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதை எழுதி வைக்கிறேன்.

நவ. 20, வியாழன்

படகு வரவில்லை. அடுத்த தெருவில் சத்தம் கேட்கிறது, இந்தத் தெருவுக்குள் யாரும் திரும்புவதே இல்லை. ஏன் திரும்புவார்கள், இங்கே ஆளே இல்லை என்றுதானே சொல்லியாகிவிட்டது. எங்களைத் தேட ஒரு ஜீவன் கிடையாது. என் ஆட்களுக்கு நான் நசரத்பேட்டையில். அவன் அம்மாவுக்கு அவன் கம்பெனியில்.

காலையிலிருந்து மொட்டை மாடியில் நின்று தட்டைத் தட்டினேன். சிவப்புப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டேன். மழைச் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை.

கு. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறான். குடித்ததெல்லாம் பாத்ரூமுக்குப் போகிறது. மத்தியானம் வாந்தி. சாயங்காலம் மறுபடியும் இரண்டு தடவை. தாளமெல்லாம் நின்றுவிட்டது. கால் மரத்துப்போகிறது என்றான். பிடித்துவிட்டேன். பிரிந்தபிறகு அவனைத் தொட்டது இன்றுதான். கால் இவ்வளவு மெலிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

ஜன்னல் பக்கம் போய் நின்று நான் பயந்து அழுதேன். பார்த்துவிட்டான். "இன்னாத்துக்கு மே அழுவுற? தப்பிச்சா கோர்ட்டு, இல்லாங்காட்டி கோர்ட்டுக்கே வேல இல்ல" என்று சிரித்தான். அடிக்கலாம் போல இருந்தது.

இன்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடவில்லை. அவன் பக்கத்திலேயே பாயைப் போட்டேன்.

நவ. 21, வெள்ளி

மழை நின்றது. வெயில்கூடக் கொஞ்சம். தண்ணீர் இறங்கவில்லை.

மூச்சு பெரிசு பெரிசாக வாங்குகிறான். ஓடிவந்தவன் மாதிரி. வாயில் அழுகின பழ வாசனை. அது என்ன என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை இப்படி வந்து, அன்று ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் சொன்னார், இன்னும் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று.

பேச்சு இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், மூடிக்கொள்கிறான். எத்தனை நாள் இவன் வாயை மூடமாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன். பேசுடா. எதையாவது பேசு.

எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் என்ன? வாய்தா தள்ளிப் போனால் என்ன? புதன்கிழமை இந்தப் புத்தி எங்கே போயிற்று?

தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுத்தேன். பழைய புடவைகள், இருந்த எண்ணெய் எல்லாம் ஊற்றி மொட்டை மாடியில் கொளுத்தப் போகிறேன். புகையாவது தெரியட்டும்.

நவ. 22, சனி

நேற்று சாயங்காலம் புகையைப் பார்த்துத்தான் வந்தார்கள். இரண்டு மீனவர்கள், ஒரு ஃபயர் சர்வீஸ்காரர். கு.வைப் போர்வையில் வைத்து இறக்கினோம். இவர் யார் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என்று கத்தினேன். தெருவெல்லாம் கேட்டிருக்கும். கேட்க ஆள்தான் இல்லை.

படகில் வழி முழுக்க அவன் தலை என் மடியில். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள். நேற்றே கொண்டு வந்திருக்கக் கூடாதாம்மா என்று நர்ஸ் கேட்டாள்.

விடிகிற நேரத்தில் போய்விட்டான்.

கையெழுத்து நான்தான் போட்டேன். மனைவி என்று.

பத்து மணிக்கு மேல் அவன் அம்மா, என் அத்தை, அம்பத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்ததும் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. பெட்டி எடுக்க வந்தான், தண்ணீரில் மாட்டிக்கொண்டோம் என்று சொன்னேன். அதுவரைக்கும் உண்மை.

அழுது ஓய்ந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை சட்டையைப் பிடித்த அதே கை.

"தனியா கெடக்கலியே எம் புள்ள. நீ கூட இருந்தியே, அதுவே போதும் எனக்கு" என்றார். அப்புறம் கேட்டார்.

"ஏம்மா, அத்தினி நாள்ல அந்தப் பக்கம் ஒரு போட்டு கூடவா வர்ல?"

வரலைங்க அத்தை என்றேன்.